சட்டாம்பிள்ளை முதல் பயிற்சி ஆசிரியர் வரை

வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், ஏனைய இடங்களிற் போலவே, ஆண்டில் சில வாரங்கள் பள்ளிக்கூடங்களில் புதிய முகங்கள் சில தோன்றக் காணலாம். கையில் பாடக் குறிப்பேடு. கக்கத்தில் சுருட்டி வைத்த படத்தாள். முகத்தில் கொஞ்சம் அச்சம். வகுப்பாசிரியர் கடைசிப் பெஞ்சியில் போய் அமர்ந்துகொள்ள, இவர் கரும்பலகையின் முன் நின்று பாடம் தொடங்குவார். பிள்ளைகள் இவரை 'டிரெயினிங் டீச்சர்' என்று அழைப்பார்கள். காலையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஆசிரியர். மாலையில் தம் கல்லூரிப் பேராசிரியருக்கு மாணவர். ஒரே நாளில் இரண்டு நிலைகளில் நிற்க வேண்டிய இந்தப் பயிற்சி ஆசிரியர், மேனாட்டிலிருந்து நமக்கு வந்த ஏற்பாட்டின் விளைவு என்றே பலரும் எண்ணுகின்றனர். அவருடைய குலமுறையை ஆராய்ந்தால் அது நம் ஊர்த் திண்ணையில் கொண்டுபோய் விடுகின்றது. நடுவில் அது கடல் கடந்து சென்று திரும்பிய கதையும் உண்டு. அதனைச் சிறிது காண்போம்.

பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றியது 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இலக்கண நூலாயினும், கற்பிப்பவன் யார், கற்பவன் யார், கற்பது எங்ஙனம் என்பவற்றையும் அதன் பொதுப்பாயிரம் வரையறுத்துக் கூறுகின்றது. அங்கே வியக்கத்தக்க கணக்கு ஒன்று காணப்படுகிறது. ஆசிரியர் சொல்வதைப் பழுதறக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கல்வியில் கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பது கல்வி முடிந்த பின் செய்யும் தொழில் அன்று; கல்வியின் பாதியே அதுதான் என்பது நன்னூலார் கொள்கை. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவரே. பிள்ளைகளோ மணலில் அகரம் எழுதும் சிறுவன் முதல் நிகண்டு நெட்டுருச் செய்யும் இளைஞன் வரை பல படியினர். இத்தனை பேரையும் ஒருவர் எப்படிக் கட்டி மேய்ப்பது? அதற்கு ஏற்பட்டவனே சட்டாம்பிள்ளை. மூத்த மாணாக்கருள் ஒருவன் அவன். காலையில் முறை சொல்லுவது அவன் வேலை. அவன் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்லுவர். எண்சுவடி கேட்பதும், சிறுவர் விரலைப் பிடித்து மணலில் எழுதுவிப்பதும், வராத பிள்ளையை வீடு தேடிச் சென்று அழைத்து வருவதும் அவனைச் சார்ந்தவை. உபாத்தியாயர் கண்ணயர்ந்தால் பிரம்பும் அவன் கைக்கு வரும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் தீட்டியுள்ள திண்ணைப் பள்ளிக்கூடச் சித்திரத்தைப் படித்தவர்களுக்கு இவையெல்லாம் கண்முன் தோன்றும்.

இவ்வழக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1623-ஆம் ஆண்டு கன்னட நாட்டு இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, கோயில் மண்டபம் ஒன்றில் சிறுவர் நால்வர் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் எவரும் அங்கு இல்லை. ஒருவன் இசையோடு பாடத்தைச் சொல்லி, தரையில் பரப்பிய மணலில் எழுதுவான். ஏனையோரும் உடன் பாடி உடன் எழுதுவர். மறந்தாலும் பிழைபட்டாலும் திருத்துவார் யார் என்று பயணி வினவினார். நால்வரும் ஒருசேரப் பிழைபடுவது நடவாத காரியம் என்று சிறுவர் விடை கூறினர். சிறுவர் விடையாயினும் சிறந்த விடை.

இனி, சென்னைக்கு வருவோம். ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் என்பவர் 1787-இல் சென்னை வந்து சேர்ந்தார். கும்பினிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789-இல் விடுதிப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றபோது, சம்பளம் வேண்டா என்று கூறி, அதன் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். அங்கே அவருக்கு வாய்த்த துணை உபாத்தியாயர்கள் சொற்கேளாதவர்கள். அரிச்சுவடி வகுப்போ நகரவே மறுத்தது. ஒரு நாள் காலை குதிரைமீது உலாவச் சென்றவர், வழியில் 'மலபார்ப் பள்ளி' ஒன்றைக் கண்டார். (அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர், ஆகவே அது நம் தமிழ்த் திண்ணைப் பள்ளியே என்று கொள்ளலாம்.) பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். பெல் உடனே திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அவ்வாறே எழுதச் செய்யுமாறு கட்டளையிட்டார். துணை உபாத்தியாயரோ அது நடவாது என்று சாதித்தார். பெல் அவரோடு வாதிட்டுக்கொண்டிராமல், ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான அவனுக்கு வயது ஏறத்தாழ எட்டு. பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். நாளடைவில் பள்ளி முழுவதும் அம்முறையிலேயே நடக்கலாயிற்று. வகுப்புக்கு ஒரு மாணவன் ஆசிரியன். அவனுக்குத் துணையாக வேறு மாணவர். தேர்ந்தவனும் தேராதவனும் இருவர் இருவராக இணைந்து படித்தனர்.

பெல் 1796-இல் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டு, சென்னைப் பள்ளியில் தாம் செய்த சோதனையை விளக்கிச் சிறு நூல் ஒன்றை இலண்டனில் வெளியிட்டார். மணலில் எழுதுவதை நம் பள்ளியில் கண்டு மேற்கொண்டதாக அவரே ஒப்புகின்றார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பதை மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இறுதிவரை கூறிவந்தார். மணலைக் கண்ட கண் அதன் அருகில் நின்ற சட்டாம்பிள்ளையைக் காணாமல் விட்டது என்பதை நம்புவது சற்று அரிதாக இருக்கிறது. ஆயினும், வழிவழியாக நடந்துவந்த ஒன்றை முறைப்படுத்தி உலகறிய எழுதிவைத்த பெருமை அவருக்கு உரியதே. அதை மறுப்பது நேர்மை ஆகாது.

அதன்பின் அம்முறை பரவிய வேகம் வியப்பூட்டுவது. 1798-இல் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏறத்தாழ இதே முறையைக் கையாண்டு, ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று முழங்கினார். முறையைக் கண்டவர் யார் என்று இவர் கட்சிக்கும் பெல் கட்சிக்கும் பெரும் பூசல் விளைந்தது. 1811-இல் ஏற்பட்ட 'நேஷனல் சொசைட்டி' என்னும் சங்கம் பெல்லின் முறையில் இங்கிலாந்தெங்கும் பள்ளிகளை நிறுவியது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் இம்முறை சென்றது. 'சென்னை முறை' என்பதே அதன் பெயர்களுள் ஒன்று. பெல் பிறந்த ஊரில் அவர் பொருளுதவியால் எழுந்து 1833-இல் திறக்கப்பெற்ற பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். அது இன்றும் அப்பெயரோடு விளங்குகின்றது.

நம் நாட்டுப் பள்ளிகளின் நிலையை அறிய விரும்பிய சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 12,498 பள்ளிகள் இருந்தமை அதனால் தெரியவந்தது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று கணக்காயிற்று. உபாத்தியாயர் வருவாய் பெரும்பாலும் மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் இல்லை என்று மன்றோ எழுதினார். பல சாதியினருக்கும் பெண்மக்களுக்கும் அத்திண்ணைகளில் இடம் இல்லாதிருந்ததையும் நாம் மறத்தலாகாது. பல்லாரி கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை சுவையானது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவர். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. அதன்பின் வருபவர்க்கு வரிசைப்படி பிரம்படி என்று அவர் விவரிக்கின்றார். மேல்படி மாணவர் கீழ்ப்படி மாணவர்க்குக் கற்பிக்கும் சிக்கனமான ஏற்பாட்டைப் புகழ்ந்து, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் கூறுகின்றார். பெல்லின் உரிமை வழக்குக்குக் காம்பெல் அளித்த சாட்சியம் இது என்று சொல்லலாம்.

'சிக்கனம்' என்று அவர் கூறிய அச்சொல்லில்தான் தொல்லையும் தங்கியிருந்தது. சட்டாம்பிள்ளை வழக்கத்தில் நன்னூலார் கண்ட பயன், கற்பிப்பவன் தன் கல்வியை நிறைவு செய்துகொள்வது. இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் கண்ட பயனோ செலவுக் குறைவு. ஆயிரம் பிள்ளைகள் நிறைந்த கூடத்தில், பத்து வயதுச் சிறுவன் தான் காலையில் கேட்டதை அப்படியே ஒப்பிப்பான். ஐயம் எழுந்தால் தீர்க்க வகை அறியான். ஒழுங்கை நிலைநாட்ட லங்காஸ்டர் வகுத்த தண்டனைகள் விசித்திரமானவை: குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டுவர், அல்லது கூடையில் இட்டுக் கூரையில் தொங்கவிட்டு மற்றவரைச் சிரிக்கச் செய்வர். திண்ணையிலும் குறை இல்லாமல் இல்லை. சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்துத் தப்பிய கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திட்டக்குடிக்கு அணித்தாக உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. சூளையில் வேகாத பச்சைக் கலத்தில் அவ்வூரில் எவரும் நீர் முகக்க மாட்டார். எட்டு வயதுப் பிள்ளையிடம் வகுப்பை ஒப்படைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது அத்தகைய செயலே. பிரிஸ்கன் அருகில் பெல் இருந்தார். ஏனையோர் அருகில் பெரும்பாலும் எவரும் இல்லை.

இக்குறையை இங்கிலாந்து உணர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் என்னும் கல்வி அதிகாரி ஹாலந்து தேசத்துப் பள்ளிகளைக் கண்டு வந்து, 1846-இல் 'மாணவ ஆசிரியர்' என்னும் புதிய ஏற்பாட்டை அமைத்தார். 13 வயது நிரம்பியவர் ஐந்தாண்டுக்குத் தொழில் பழகுநராகப் பள்ளியில் சேர்வர். முதல் ஆண்டில் 10 பவுன் உதவித்தொகை. அது படிப்படியாக உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 20 பவுன் ஆகும். பகல் முழுவதும் கற்பிக்க வேண்டும். பள்ளி நேரத்திற்குப் புறம்பே தலைமையாசிரியரிடம் ஒன்றரை மணி நேரம் தாமும் பாடம் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வாளர் முன் தேர்வு எழுத வேண்டும். தேறியவருட் சிறந்தவர் உதவிச் சம்பளம் பெற்றுப் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்வர். சிறுவனுக்குப் பதில் இளைஞன். தனித்து விடுவதற்குப் பதில் மேற்பார்வை. இவை இரண்டும் பெரிய மாற்றங்கள். ஆயினும் பகலெல்லாம் கற்பித்துக் களைத்தவர் இரவில் தாம் எதைக் கற்பார் என்ற வினா அப்போது பிறந்தது. அது இன்னும் ஓயவில்லை.

1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, இந்த மாணவ ஆசிரியர் ஏற்பாட்டையும் போதனா முறைப் பள்ளிகளையும் இந்தியாவில் அமைக்குமாறு பணித்தது. 1856-இல் சென்னையில் அரசாங்கப் போதனா முறைப் பள்ளி பிறந்தது. பிற்காலத்தில் சைதாப்பேட்டைக்குச் சென்று ஆசிரியர் கல்லூரியாகப் புகழ் பெற்றது அதுவே. எழும்பூரிலிருந்து சென்ற முறை, உருமாறி, சில கல் தொலைவில் உள்ள சைதாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

அதே காலத்தில் பழைய வழியும் பட்டுப்போகவில்லை. 1876-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்த பின், உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் தாம் பாடம் கேட்டுக்கொண்டே இளைய மாணாக்கர்க்குப் பாடம் சொல்லிவந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. பயிற்சிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கேட்பதும் சொல்வதுமாகக் கழித்த அந்த மடத்து நாட்களே அவருடைய பயிற்சி.

சைதாப்பேட்டையிலும் நன்னூலார் கணக்கு மெய்ப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியில் சேர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1910-இல் எல்.டி. பயிற்சிக்காக அங்கு அனுப்பப்பெற்றார். உளவியலில் அவருக்கு இருந்த தேர்ச்சியைக் கண்ட பேராசிரியர், தம் விரிவுரைகளைக் கேட்பதிலிருந்து அவருக்கு விலக்கு அளித்து, உடன் பயில்வோருக்கு அவரையே விரிவுரை நிகழ்த்துமாறு பணித்தார். அவ்விரிவுரைகள் 1912-இல் நூலாகவும் வெளிவந்தன. மாணவராய் அமர்ந்த வகுப்பிலேயே ஆசிரியராய் நின்றவர் அவர்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக நீட்டித்து, அதில் 20 வாரங்களைப் பள்ளி அனுபவத்துக்கு ஒதுக்கின. கடலூர் மாவட்டத்துக்கு வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாரங்கள் கூடினாலும் நிலைமையின் சங்கடம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. வகுப்பை அடக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதைப் பயிற்சி ஆசிரியர் அறிவார். பிள்ளைகள் அதை அவரினும் விரைவில் அறிவர். தாமே சிந்தித்த முறையில் கற்பிக்க வேண்டும் என்று கல்லூரி எதிர்பார்க்கும். பாடத்திட்டம் பின்தங்காமல் முடிய வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கும். அவர் மனமோ கடைசிப் பெஞ்சியில் எழுதப்படும் குறிப்பின் மேல் இருக்கும்.

அக்கடைசிப் பெஞ்சி ஒன்றுதான் பிரிஸ்கன் காலத்துக்கும் இக்காலத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை என்று எனக்குத் தோன்றுகிறது. பாடக் குறிப்பேட்டில் கையொப்பம் இடுவதோடு எழுந்து போய்விடும் வழிகாட்டி ஆசிரியரும் உண்டு. மணி அடித்த பின் பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் பிள்ளைகளின் கண் பாடத்தை விட்டு விலகியது என்று எடுத்துச் சொல்பவரும் உண்டு. பயிற்சிக்குரிய மதிப்பெண் பயிற்சி ஆசிரியரைச் சாரும். ஆனால் அன்று நடந்த பின்னக் கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வில் வரும். பயிற்சி முடிந்து அவர் ஊருக்குப் போன மறுநாள், அப்பாடத்தை மீண்டும் நடத்த வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பதற்காக, வகுப்பாசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப் போடுவார்.