அமலையும் அதைப் பிடுங்கச் சொன்ன சட்டங்களும்

புத்தகத்தில் ஆகாயத்தாமரை. நம்ம திருநெல்வேலிப் பக்கம் அமலைன்னு சொல்லுவாங்க. டவுன் நயினார்குளத்திலும் ஸ்ரீவைகுண்டம் அணையிலும் பாத்திருப்பீங்க. ஊதாவாகப் பூத்து நிற்கும்போது, இதையா அழிக்கணும்னு தோணும். அமேசான் படுகைக்காரச் செடி இது. உலகம் சுற்றியதே அந்தப் பூவின் அழகால்தான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டக் குளங்களுக்கு அலங்காரமாக வங்காளம் வந்தது. சில ஆண்டுகளில் ஆறுகளில் படகு போக வழியில்லை, நெல்வயலில் நாற்று நிற்கவில்லை. முதல் உலகப்போர் சமயத்தில், ஜெர்மானியர்கள் விட்ட செடி என்றுகூட அங்கே வதந்தி கிளம்பியது. இலங்கையில் 1909, பர்மாவில் 1917, வங்காளத்தில் 1936 என்று ஆங்கில அரசு வரிசையாகச் சட்டம் போட்டது. சாரம் ஒன்றுதான்: உன் இடத்தில் முளைத்தால் நீயே பிடுங்கு.

இந்தக் குரல் நமக்குப் புதுசில்லை. குளம் வற்றியதும் ஊர் கூடி வண்டல் அள்ளி, கரையைப் பலப்படுத்தும் வழக்கம்தான் குடிமராமத்து. அது தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் குடிமராமத்தில் ஒரு நுட்பம் இருந்தது. அமலையின் விதை சேற்றுக்குள் 20 ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். மேலே செடியை மட்டும் வாரினால் அடுத்த மழைக்கே திரும்பி வரும். வண்டலை அள்ளினால் விதையும் கொஞ்சம் போகும்.

மீனுக்கு என்ன ஆகிறது? செடி மூடினால் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது. பாசி ஆக்சிஜன் தராது. அழுகும் இலையும் வேரும் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். கட்லா, ரோகு, கெண்டை முதலில் திணறும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கோ வலை வீசவே இடமிருக்காது. மருந்தடித்து ஒரேயடியாகக் கொன்றால் இன்னும் மோசம்: அத்தனையும் ஒன்றாக அழுகி, மிச்ச மீனையும் கொண்டுபோகும்.

1980களில் தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கூன்வண்டைப் பெங்களூருக்கு வரவழைத்தார்கள். அதன் புழு இலைக்காம்பைக் குடைந்து தின்னும். அங்கே சில ஏரிகளில் செடி அடங்கியது. ஆனால் வண்டு பெருக ஓரிரு வருஷம் வேணும். நம் குளங்களோ கோடையில் காய்ந்துவிடுகின்றன. செடி காய்ந்தால் வண்டும் போயிடும், விதை மட்டும் இருக்கும்.

இத்தனை சட்டங்களும் செடியைக் குற்றவாளியாக்கின, பிடுங்கும் வேலையைக் குடியானவனிடம் விட்டன. அதற்குச் சோறு போடுவது யார் என்று கேட்கவில்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த சாக்கடைதான் அமலைக்கு உரம். பழவூர் அணையில் பிரியும் பாளையங்கால்வாய் வயலுக்காக வெட்டப்பட்டது. இன்று ஊருக்குள் நுழையும்போது வீட்டுக் கழிவையும் சேர்த்துக்கொண்டு போகிறது.

அடுத்த தடவை அமலை வாரும் ஜேசிபியைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்க. எந்த வாய்க்கால் அந்தக் குளத்தில் விழுதுன்னு பாருங்க. அங்கேதான் வேலை ஆரம்பிக்கணும்.