ஓடை மணலிலிருந்து ஆழ்பாறைக்கு: கண்டியும் இலங்கையின் செம்பு, பொன், யுரேனியத் தேடலும்

இலங்கையின் கனிய வரலாற்றை எழுதுவோர் இரத்தினபுரியின் ‘இல்லம்’ எனும் மணிக்கல் சரளையில் தொடங்கி, போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்களில் முடிப்பதே வழக்கம். இரண்டும் மேற்பரப்பில் தடயம் காட்டிய செல்வங்கள். காரீய நரம்பை நிலத்தின் மேல் கண்டவர்கள் அதைத் தொடர்ந்தே நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே இறங்கினார்கள். மேலே அடையாளம் எதுவும் இல்லாமல் பாறைக்கடியில் கிடக்கும் உலோகத்தை ஊகித்துத் தேடுவது வேறொரு வகை அறிவு. அந்த அறிவு இந்நாட்டில் உருவான கதையில் கண்டிக்கும் பேராதனைக்கும் உள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. இரு வேறு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பற்றிய கேள்வியே இக்கதையின் நடுச்சரடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதை ஆனந்த குமாரசுவாமியிடம் தொடங்குகிறது. சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவரைக் கலை வரலாற்றறிஞராகவே தமிழுலகம் அறியும். ஆனால் அவர் இலண்டனில் பயின்றது புவிச்சரிதவியலும் தாவரவியலும். கண்டிக்கு அருகே, அம்பகோட்டேயை அடுத்த கங்காபிட்டியவில் கிடைத்த நீலக் கனியமொன்றை அவரும் ஜி. ரி. பிரையரும் ஆராய்ந்து, செரண்டிபைட் என்ற பெயரில் 1903இல் புதிய கனியமாக அறிவித்தார்கள். அது கிடைத்த சூழல் கவனத்துக்குரியது: சுண்ணாம்புக்கல்லும் கிரனுலைற்றுப் பாறையும் சந்திக்கும் விளிம்பில், இரண்டும் வினைபுரிந்து உருவான வலயத்தில் அது இருந்தது. இத்தகைய தொடுவலயங்களில் செம்பும் இரும்பும் சேரக்கூடும் என்பதை அடுத்த எழுபது ஆண்டுகள் மெல்ல மெல்ல உணர்த்தின.

இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை குமாரசுவாமி பணியாற்றினார். அக்காலத்தில் சப்ரகமுவ ஓடைகளின் சரளையில் கிடைத்த பாரமான கருங்கனசதுரங்களை 1904இல் முதலில் யுரனினைற்று என்றே எண்ணினார்கள். இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் செய்த பகுப்பாய்வில் அது புதிய கனியமெனத் தெரிந்தது: பெரும்பகுதி தோரியம், உடன் யுரேனியம். தோரியனைற்று என்று அதற்குப் பெயரிட்டார்கள். வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் 1905இல் இளைஞர் ஓட்டோ ஹான் இக்கனியத்திலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்தபோது ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். கதிரியக்க வேதியியலில் ஹானின் முதல் வெற்றி அது. அவரே 1938இல் பெர்லினில் யுரேனியக் கரு பிளவுபடுவதைக் காட்டும் சோதனையைச் செய்தார். அதன் பிறகே யுரேனியத் தேடல் உலகெங்கும் அரசுகளின் முதன்மைப் பணியானது. அந்த நீண்ட சங்கிலியின் தொடக்கத்தில் இலங்கை ஓடைச் சரளை இருப்பதை நம் பாடநூல்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் ஓடைச் சரளை தாய்ப்பாறையின் இருப்பிடத்தைக் காட்டுவதில்லை. தோரியனைற்று போன்ற தாங்குதிறன் மிக்க கனியம் நீரில் உருண்டு தாய்ப்பாறையை விட்டு விலகி வரக்கூடும். அக்காலத் தேடல் கையிற் கிடைத்ததைப் பகுத்ததே தவிர, அது பிறந்த ஆழத்தைக் கேட்கவில்லை.

ஆழத்தைக் கேட்கப் பாறைகளின் வரைபடம் வேண்டும். இந்தியப் புவியியலாளர் டி. என். வாடியா 1938 முதல் 1944 வரை இலங்கையில் அரசாங்கக் கனிப்பொருளியலாளராக இருந்து, தீவின் மூன்று படிநிலச் சமவெளிகளைப் பற்றி எழுதினார். கண்டி மேட்டுநிலம் அப்படிகளில் நடுப்படியைச் சேர்ந்தது. இந்தியா திரும்பியபின் அணுசக்தி ஆணைக்குழுவின் மூலப்பொருட் பிரிவுக்கு அவர் தலைமை ஏற்றார். சிங்பூமின் பழைய செம்பு வலயத்தில், ஜாதுகுடாவில், 1951இல் யுரேனியம் கண்டறியப்பட்டது. செம்பும் யுரேனியமும் ஒரே பாறை முறிவு வலயத்தைப் பகிரும் என்பதற்குத் தெற்காசியாவின் தெளிவான சான்று அது. இலங்கையிலோ பி. ஜி. குரேயின் ரங்கல வரைபட அறிக்கை 1961இல் வெளிவந்து, கண்டிக்குக் கிழக்கேயுள்ள மலைகளின் மடிப்புகளை விரிவாக விளக்கியது. இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. மடிப்பு தெரியாமல் ஆழத்தை ஊகிக்க முடியாது.

திருப்பம் 1971இல் வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் செருவில, அரிப்புப் பகுதியில் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் மக்னடைற்றும் செம்புக் கனியமும் சேர்ந்த படிவைக் கண்டது. இடம் முக்கியம்: மத்திய மலைநாட்டை ஆக்கும் உயர்நிலத் தொகுதியும் கிழக்குச் சமவெளியின் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லை அது. பேராதனைத் தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன பின்னர் இப்படிவைப் பண்டைய செம்பு உருக்கலோடு இணைத்து ஆராய்ந்தார். துட்டகைமுனு காலத்தில் கங்கைக்கு அப்பால் செம்பு வெளிப்பட்டதாக மகாவம்சம் சொல்லும் செய்தியும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. ஆக, புவிச்சரிதவியலார் 1971இல் கண்டது முன்னோர் ஒருமுறை அறிந்து பின் மறந்த வளமாகலாம்.

நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தி வேறுபாட்டைக் காட்டும் இலங்கையின் ஈர்ப்பு வரைபடம் 1975இல் வெளியானது. தென் அவுஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமில் முதல் துளை இறங்கியதும் அதே ஆண்டில்தான். அங்கே நிலத்தின் மேல் எந்த அறிகுறியும் இல்லை. ஏறத்தாழ 350 மீற்றர் தடிப்பான படிவுப் பாறை மூடியிருந்தது. ஈர்ப்பு, காந்த மாறுபாடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தை வெஸ்டர்ன் மைனிங் நிறுவனத்தார் தெரிந்தெடுத்தார்கள். முதல் துளை செம்பைத் தொட்டாலும் தரம் குறைவு. பத்தாம் துளையே அவர்களின் பொறுமைக்குப் பயன் தந்தது: 170 மீற்றர் நீளத்துக்கு 2 சதவீதத்துக்கும் மேலான செம்பு. செம்பும் பொன்னும் யுரேனியமும் இரும்பு ஒக்சைட்டோடு ஒன்றாகச் சேர்ந்த மாபெரும் படிவு அது.

இந்தச் சூழலில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பு எழுந்தது. பேராசிரியர் பி. டபிள்யூ. விதானகே தீவின் பாறைக் கட்டமைப்பையும் முறிவுக் கோடுகளையும் நெடுங்காலம் ஆராய்ந்தார். முனசிங்ஹவும் சி. பி. திசாநாயக்கவும் 1979இல் சர்வதேசப் பொருளாதாரப் புவியியல் ஆய்விதழில் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள்: உயர்நில–விஜயன் எல்லை முழுவதும் ஒரு கனிய வலயமாக இருக்குமா? செருவிலவின் செம்பு ஒரு முனையில். தெற்கே உடவளவைப் பக்கத்துச் சர்ப்பன்டினைற்றுப் பாறைகள். இடையிடையே மகா ஓயா, மஹபெலஸ்ஸ முதலிய வெந்நீரூற்றுகள். தனித்தனியே கிடந்த இவற்றை ஒரே கோட்டில் கோத்துப் பார்த்தது துணிச்சலான சிந்தனை. இலங்கையில் கனியத் தேடல் ‘எங்கே கிடைத்தது’ என்பதை விட்டு ‘எங்கே இருக்க வேண்டும்’ என்பதற்கு நகர்ந்த கணமாக நான் இதையே கருதுகிறேன்.

இந்த எல்லையில் ஒலிம்பிக் டேம் போன்ற படிவு இருக்கலாம் என்று எண்ணினால், அதற்கு வலுவான மறுப்பும் உண்டு. ஒலிம்பிக் டேம் புவியோட்டின் மேற்பகுதியில் உருவாகி, பின் பெரிதாகக் குலையாமல் மூடப்பட்டது. நம் மலைநாட்டுப் பாறைகளோ சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்தவை. அத்தகைய பாறையிலிருந்து நீர்மங்கள் வெளியேறும்போது யுரேனியமும் உடன் மேலே சென்றுவிடுவது வழக்கம். ஆகவே ஒலிம்பிக் டேமின் மாதிரியை அப்படியே கண்டிக்குக் கொண்டுவருவது பிழை.

ஆனாலும் கேள்வி முடிந்துவிடவில்லை. கதிர்காமம், புத்தள போன்ற இடங்களில் விஜயன் பாறைக்கு நடுவே உயர்நிலப் பாறை தனித் துண்டுகளாகக் கிடக்கிறது. உயர்நிலத் தொகுதி கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டு, விஜயன் தொகுதியின் மேல் பாய் விரித்ததுபோல் ஏறியிருந்து, பின் அரிப்பில் கிழிந்ததன் எச்சங்கள் அவை. அப்படியானால் எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமல்ல; மலைநாட்டின் அடியில் மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் ஒரு தளம். 1979இன் கேள்வி நிலத்தின் மேல் கேட்கப்பட்டது. இன்று அதை அந்தத் தளத்தின் ஆழத்தில் கேட்க வேண்டும்.

அங்கே கருவிகள் இந்நாட்டுக்கே உரிய தடைகளைச் சந்திக்கின்றன. இலங்கை காந்த மத்தியகோட்டுக்கு அருகே இருப்பதால் மக்னடைற்றுப் படிவின் மேல் காந்த அளவீடு உயர்வதற்குப் பதில் தாழ்வாகவே தெரியக்கூடும். உயர் அகலக்கோடுகளில் பழகிய கண் இதில் ஏமாறும். மின்கடத்துத்திறனை அளந்து சல்பைட்டுக் கனியத்தைத் தேடலாம் என்றால், காரீயமும் மின்னை நன்கு கடத்தும். ஒரு காரீய நரம்பு செம்புப் படிவைப்போல் வேடமிடும். காமாக் கதிரை அளக்கும் கருவிக்கு அரை மீற்றர் மண்ணே திரை. அதற்குக் கீழுள்ள யுரேனியத்தை அது அறியாது. மேலே தோரியம் நிறைந்த மொனசைட்டு மணல் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே ஈர்ப்பு, காந்தம், மின் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டாமல் துளையிடுவது பணத்தை மண்ணில் புதைப்பதே.

தேடல் என்றதும் சுரங்கம் என்று அஞ்சுவோரின் கவலை நியாயமானது. நக்கிள்ஸ் மலை உள்ளிட்ட மத்திய மலைநாட்டுக் காடுகள் 2010 முதல் உலக மரபுரிமைக்குரியவை. அங்கே சுரங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கனிய வளத்தை அரசு மக்களின் பொறுப்பாளனாகவே கையாள வேண்டும் என நிறுவியது. என் கருத்தில் அந்தத் தீர்ப்பு தேடலுக்குத் தடையல்ல. தன் நிலத்தடியில் என்ன இருக்கிறதென்று அறியாத மக்களே அந்நிய ஒப்பந்தத்தின் முன் கைவிரித்து நிற்பார்கள்.

1992இன் சட்டத்தின்கீழ் அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும், பேராதனைப் புவிச்சரிதவியல் துறையும், ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும் இதற்குப் போதிய அறிவைக் கொண்டிருக்கின்றன. மூன்றும் சேர்ந்து, காட்டைத் தொடாமல், செருவிலவிலிருந்து மகா ஓயா வரையான எல்லையை ஒரே திட்டத்தின்கீழ் அளந்து, சான்று ஒன்றுகூடும் இடத்தில் ஆழ்துளை இறக்க வேண்டும். பெறப்படும் பாறைத் தண்டுகளையும் அளவீடுகளையும் மும்மொழியிலும் விளக்கத்தோடு மாணவருக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும். செம்பு கிடைக்காவிட்டாலும், 1979இல் எழுந்த கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிடும்.