கறள் தின்ற சைலன்சர்: குறைந்த செலவில் மாற்றுவது எப்படி, எதில் சிக்கனம் கூடாது?

அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்காகப் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில் கூட்டிச் செல்வேன். கோப்பாயைத் தாண்டுவதற்குள் அவருக்குத் தலையிடி தொடங்கிவிடும். பிரஷர் என்று நினைத்தோம். வெயில் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அரைமணி நேரம் மரநிழலில் இருந்தால் குறையும். திரும்பி வரும்போது மறுபடியும் வரும். மூன்று கிளினிக்குகள் இப்படிப் போயின. பிறகுதான் எங்கள் பழைய மாருதி 800 காரின் அடியைப் பார்த்த மெக்கானிக் அண்ணை சொன்னார்: "பிள்ளை, வருத்தம் அம்மாவுக்கில்லை. காருக்கு."

சைலன்சரை அவர் ஸ்குறூட்றைவரால் ஒருமுறை தட்டினார். கறள் பிடித்த தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பின் ஆசனத்துக்குக் கீழே தரைத்தகட்டிலும் ஓர் ஓட்டை. யன்னலைத் திறந்துவைத்து ஓட்டிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் கண்ணாடியை மூடி இருந்த அம்மாதான் புகையைச் சுவாசித்திருக்கிறார்.

சத்தம் கூடியிருந்தது எனக்குத் தெரியும். "ஓடுதுதானே" என்று விட்டிருந்தேன். போர்க்காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் தங்கிவிட்ட சொல் அது. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல். இந்த அண்ணையும் அந்த நாட்களில் தார்ப் பீப்பாய்த் தகரத்தை வெட்டிச் சைலன்சருக்குச் சுற்றியவர்தான். "அண்டைக்கு வேற வழியில்லை. இண்டைக்கும் அப்பிடிச் செய்யச் சொல்லிக் கேக்கினம்" என்றார்.

கேட்பவர்களையும் குறைசொல்ல முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. இருக்கும் பழைய வாகனத்தை ஓடவைப்பதே பலருக்கு ஒரே வழி. அதனால், எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன்.

ஏன் கறள் பிடிக்கிறது?

சைலன்சர் என்று நாங்கள் மொத்தமாகச் சொல்வது பல துண்டுகள் சேர்ந்த ஒரு தொடர். எஞ்சினோடு ஒட்டிய வார்ப்பிரும்பு மனிபோல்ட், அதிலிருந்து இறங்கும் முன்குழாய், நடுக்குழாய், சத்தத்தை அடக்கும் பெட்டி, கடைசியில் வால்குழாய். இவற்றைக் காரின் அடியில் ரப்பர் வளையங்கள் தாங்குகின்றன.

கடலோரத்து உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. வல்லை வெளி, பண்ணைப் பாலம், சங்குப்பிட்டி என்று எங்கள் வீதிகள் பல உவர்நீரை ஒட்டியே போகின்றன. ஆனால் பெரிய அரிப்பு உள்ளிருந்து வருவது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது சூட்டோடு வெளியேறிவிடும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் பெட்டி சூடாகுமுன் எஞ்சின் நின்றுவிடும். தண்ணீர் உள்ளேயே தேங்கும். அதனால்தான் வெளியே நன்றாகத் தெரியும் பெட்டி உள்ளே உக்கியிருக்கும்.

சத்தத்தை விடப் புகைதான் ஆபத்து

பெற்றோல் புகையில் காபன் மொனொக்சைட் வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கக்கலக்கம் ஆகியன முதல் அறிகுறிகள். வாகனத்துக்குள் வந்து, வெளியே இறங்கினால் குறையும் தலையிடி என்றால் முதலில் சைலன்சரைச் சந்தேகியுங்கள். பின்கதவைத் திறந்தபடி ஓடும் வான்களில் புகை இன்னும் எளிதாக உள்ளே இழுபடும். பிள்ளைகளை ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டீசல் புகையில் இந்த வாயு குறைவு. ஆனாலும் சுவாசிக்க உகந்ததல்ல. யாராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்சை அழையுங்கள்.

வீட்டிலேயே பார்ப்பது

எஞ்சின் ஆறியபின், வெட்டவெளியில் பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போக வேண்டாம். ஸ்ராண்ட் அல்லது கராஜ் குழி வேண்டும். பொருத்துகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. குழாயைத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். பிறகு எஞ்சினை ஸ்ராட் செய்து, ஒருவர் ஈரத்துணியால் வால்குழாயைச் சில வினாடிகள் மட்டும் அடைக்க, மற்றவர் பக்கத்தில் நின்று கேட்கலாம். சீறல் எங்கே கேட்கிறதோ அங்கேதான் கசிவு.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

முழுத்தொகுதியையும் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அண்ணை பார்த்தபோது மனிபோல்டும் முன்குழாயும் நன்றாக இருந்தன. போனது நடுக்குழாயும் பெட்டியும்தான். அவற்றை மட்டும் மாற்றியதில் அந்தக் கடைக்காரர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்தது.

நல்ல தகட்டில் ஒரு சிறு ஓட்டை என்றால் ஒட்டு வைத்து வெல்டிங் செய்யலாம். ஸ்குறூட்றைவர் குத்தி உள்ளே போகிறதென்றால் ஒட்டு நிற்காது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும். நேரான குழாயை வெல்டிங் கடையிலேயே செய்விக்கலாம். பழைய குழாயின் அதே விட்டம் இருக்கட்டும். ஒடுங்கினால் எஞ்சின் திணறும். பெட்டியைப் புதிதாக வாங்குவது நல்லது. பஞ்சிகாவத்தையிலோ ஊரிலோ பழையது வாங்கினால் கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் வேண்டாம்.

எதில் பிடிக்கக் கூடாது?

முதலாவது, கஸ்கெட். மலிவான சாமான்தான், ஆனால் பழையதைத் திரும்பப் போட்டால் கசிவு நிச்சயம். இரண்டாவது, ரப்பர் வளையங்கள். கம்பியால் கட்டினால் அதிர்வில் புதுக்குழாயும் வெடிக்கும். மூன்றாவது, தண்ணீர்க் குழாயாக வரும் நாகம் பூசிய குழாய். வெல்டிங் செய்யும்போது அதிலிருந்து எழும் புகை, வேலைசெய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும்; உங்கள் மிச்சம் அவருடைய நெஞ்சிலிருந்து போகக் கூடாது. நான்காவது, தரைத்தகட்டு ஓட்டையும் பின்கதவு ரப்பரும். சைலன்சரை மாற்றிவிட்டு இவற்றை விட்டால் பாதி வேலைதான்.

வெல்டிங் செய்யக் குழாயைக் கழற்றி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோல் தாங்கி பக்கத்திலேயே இருக்கிறது. காரிலேயே செய்ய வேண்டி வந்தால் பற்றரி வயரைக் கழற்றிவிட வேண்டும். புதிய வாகனங்களில் உள்ள புகை வடிகட்டியை வெட்டி விற்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை இருக்கிறது. வடிகட்டி இல்லாவிட்டால் அங்கே மாட்டக்கூடும். குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து அந்த அளவீடு பிழைக்கும்.

வேலை முடிந்தபின் ஈரத்துணிச் சோதனையை உங்கள் கண்முன் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே தேங்கும் தண்ணீர் போய்விடும். உவர்நீர் வீதியில் போய் வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போனபோது, கோப்பாய் வந்ததும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். யார் தோட்டத்தில் இந்த முறை என்ன நட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.