ஆற்றங்கரைக் கம்பியும் ஆகாயப் பாலமும்

சென்னையிலிருந்து மெயில் வண்டியில் வந்து ஹவுரா நிலையத்தில் இறங்கும் தமிழர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பெரும் பாலமே. 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்திற்கு ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. 1,500 அடி இடைவெளியில் நிற்கும் இரு கோபுரங்கள் அதன் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கின்றன. 1965ஆம் ஆண்டில் அதற்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினர். அதே ஆண்டில் தூணே இல்லாத வேறொரு பாலமும் உலகத்தார் பயனுக்கு வந்தது. அது அட்லாண்டிக் மாக்கடலுக்கு மேலே ஆகாயத்தில் நின்றது. வணிக முறையில் இயங்கிய முதல் நிலைத் துணைக்கோளாகிய 'ஏர்லி பேர்டு' என்பதே அது. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு அப்பாலத்தின் வரலாறு அயலார் கதை அன்று. ஊரிலிருந்து ஒரு சொல் நம்மை வந்தடைய எத்தனை நாள் ஆகும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்னும் கேள்விகளே அவ்வரலாற்றின் உயிர்நாடி.

அவ்வரலாற்றின் முதல் ஏடு ஹவுராவிலேயே எழுதப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. சிப்பூரில், ஆற்றின் மேற்குக் கரையில், 1787ஆம் ஆண்டில் அமைந்த தாவரவியல் பூங்கா உள்ளது. அங்குள்ள பேராலமரத்தைப் பார்க்கச் செல்லாத தமிழ்க் குடும்பம் இங்கு அரிது. அப்பூங்காவில் 1839ஆம் ஆண்டு, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த வில்லியம் ஓஷாக்னசி என்பவர் மூங்கில்களை வரிசையாக நட்டு, அவற்றின்மீது பல மைல் நீளமுள்ள கம்பியைக் கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். ஆயினும் அரசினர் பத்தாண்டுக் காலத்திற்கு மேல் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் டல்ஹௌசி பிரபுவின் ஆதரவு கிட்டியது. கல்கத்தாவிற்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி எழுந்து, 1851இல் பயன்பாட்டிற்கு வந்தது. 1855ஆம் ஆண்டிற்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்தியால் பிணைக்கப்பட்டுப் பொதுமக்களும் அதனைப் பயன்படுத்தலாயினர்.

தந்தி விரைவானதுதான், ஆனால் சொல்லுக்குச் சொல் காசு கேட்டது. ஆகவே ஏழை எளியவர் வீட்டிற்குத் தந்தி வருவது பெரும்பாலும் சாவுக்கோ பிணிக்கோ என்றாயிற்று. தந்திச் சேவகரைக் கண்டதும், செய்தியைப் படிக்குமுன்னரே வீட்டில் அழுகுரல் எழுந்த காலத்தை நம் முதியோர் மறந்திரார். 2013ஆம் ஆண்டு ஜூலையில் அச்சேவை நம் நாட்டில் நிறைவுற்றது.

கம்பியே இல்லாமல் செய்தி செல்லும் வழியும் இந்நகரிலேயே ஆராயப்பட்டது. ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டில் கல்கத்தா டவுன் ஹாலில் மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அவர் கையாண்டவை மிகக் குறுகிய நீளமுடைய அலைகள். இன்று துணைக்கோள்கள் பயன்படுத்தும் நுண்ணலைகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஓஷாக்னசி கம்பி கட்டிய அதே சிப்பூர்ப் பூங்கா இன்று ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்பது மகிழ்ச்சிக்குரிய பொருத்தம்.

இந்நுண்ணலைகளிடம் ஒரு குணம் உண்டு. வானொலியின் சிற்றலைகள் வானத்தின் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைநாடுகளையும் சென்றடையும். அம்மண்டலத்தைக் கல்கத்தாவில் ஆராய்ந்து புகழ் பெற்றவர் சிசிர் குமார் மித்ரா. நுண்ணலைகளோ அவ்வாறு திரும்புவதில்லை, நேர்கோட்டிலேயே செல்லும். பூமி உருண்டையாதலின் சிறிது தொலைவிற்குள் அவை தரையின் வளைவைக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். நிலத்தின்மேலாயின் இடைக்கிடையே கோபுரங்களை நிறுத்தி அலையைக் கைமாற்றிக் கொடுக்கலாம். கடலின் நடுவே கோபுரம் கட்டுவது எவ்வாறு?

இதற்கு விடை கூறியவர் ஆர்தர் கிளார்க். பிற்காலத்தில் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட இவ்வெழுத்தாளர், 1945ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே கீழிருந்து நோக்குவோர்க்கு அது அசையாமல் நிற்பதாகவே தோன்றும். அங்கே ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுத்தினால், உலகின் மூன்றில் ஒரு பங்கு அதன் பார்வைக்குள் அடங்கும். மூன்று நிலையங்கள் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் போதுமானவை.

துணைக்கோள் செய்யும் வேலையும் எளியதே. தரை நிலையம் ஓர் அலைவரிசையில் செய்தியை மேலே அனுப்பும். துணைக்கோள் தளர்ந்து வரும் அவ்வலையை வாங்கி, வலுவேற்றி, வேறோர் அலைவரிசையில் கீழே திருப்பும். இரண்டும் ஒன்றாயிருந்தால், உரத்துப் பேசுவோன் தன் காதருகே பிறர் கூறும் மெல்லொலியைக் கேளாதது போல், துணைக்கோளும் கீழிருந்து வரும் செய்தியைக் கேளாது. போக வேண்டிய மின்சாரம் கதிரவன் ஒளியிலிருந்து கிடைக்கிறது. மேலே சென்று கீழே வர 72,000 கிலோமீட்டர் ஆதலால், நாம் பேசிய சொல் கால் விநாடி கழித்தே மறுமுனையை எட்டும்.

இம்முறையில் ஒரு பெரும் புதுமை அடங்கியுள்ளது. கம்பியாயின் தொலைவு கூடக் கூடச் செலவும் கூடும். துணைக்கோளுக்கோ ஹவுராவும் ஒன்று, நாகர்கோவிலும் ஒன்று. வணிகம் இதனுள் புகுந்த காரணம் இதுவே. 1964ஆம் ஆண்டில் பல நாடுகள் கூடி 'இன்டெல்சாட்' என்னும் அமைப்பை நிறுவின. அவ்வமைப்பின் 'ஏர்லி பேர்டு' 1965 ஏப்ரல் 6இல் ஏவப்பட்டது. ஒரே நேரத்தில் 240 தொலைபேசி உரையாடல்களையோ ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பையோ அது சுமந்தது.

நம் நாடு பிறர் துணைக்கோளில் இடம் பெற்றதோடு அமையவில்லை. 1972ஆம் ஆண்டில் புனேக்கு அருகே ஆர்வியில் அயல்நாட்டுத் தொடர்பிற்கான தரை நிலையம் திறக்கப்பட்டது. 1975-76இல் அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. 1981 ஜூன் 19இல் நாமே செய்த 'ஆப்பிள்' ஏவப்பட்டது. அதனைச் சோதிக்கும்போது மாட்டு வண்டியின்மீது வைத்த காட்சியை உலகம் வியந்து நோக்கியது. வறுமையால் நேர்ந்தது அன்று அது. உலோகத்தால் வரும் இடையூறு இன்றிச் சோதிக்கும் பொருட்டே மரவண்டி வந்தது. 1982இல் ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. அப்பெரு நட்டத்தால் நாடு மனம் தளரவில்லை. மறு ஆண்டில் இன்சாட்-1பி விண்ணேறி நிலைபெற்றது. தொலைக்காட்சியும் வானிலைச் செய்தியும் வானொலி நிலையங்களின் பிணைப்பும் அதனால் விரிந்தன. 1990களில் தமிழ் நிகழ்ச்சிகளும் துணைக்கோள் வழியே வங்கத்தில் வாழும் தமிழர் இல்லங்களுக்குள் வந்தன. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளின் செவியில் தாய்மொழி நாள்தோறும் விழ அது ஒரு வாயிலாயிற்று.

எனினும் ஆகாயப் பாலம் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. கண்டங்களுக்கு இடையே இன்று பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே செல்கின்றன. அந்தமான் தீவுகள் நெடுங்காலம் துணைக்கோளையே நம்பியிருந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடி இழை அங்கு சென்றடைந்த பின்னரே விரைவான தொடர்பு எளிதாயிற்று. கப்பலுக்கும் மலைக்கிராமத்திற்கும், புயல் கம்பங்களைச் சாய்த்த ஊருக்கும் துணைக்கோளே துணை. ஆகவே கம்பியும் வானும் ஒன்றையொன்று வென்றவை அல்ல, ஒன்றற்கொன்று கைகொடுப்பவை.

சிப்பூரின் மூங்கில்கள் பத்தாண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்ததை நாம் மறவாதிருத்தல் வேண்டும். அறிவு ஒருவர் கையில் பிறக்கலாம். அதனை ஏழையின் வாசல்வரை கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடமை. முன்பு ஒரு தந்திக்குக் கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து வரும் மறுமொழிக்காக ஏங்கியிருந்தனர் நம் முன்னோர். இன்று தாயின் முகத்தையே கண்டு பேசுகிறோம். அவ்வசதி நமக்கு வாய்த்திருக்கும்போது, பேசாதிருப்பதற்குத் தொலைவைக் காரணம் காட்டுதல் இனி நமக்குத் தகாது.