மாடியில் மக்கள், கீழே தாய்

லண்டன் நகரில் ஒரு வீடு. மாடியில் குழந்தைகள் துள்ளி ஓடும் காலடி ஓசை. கீழே, அவர்களைப் பெற்றவள் விம்மியபடி அமர்ந்திருக்கிறாள். மேலே செல்ல அவளுக்கு இசைவில்லை! வீட்டுக்குரியவள் கணவனின் உறவினள்; போலீசாரை அழைப்பேன் என்று மிரட்டுகிறாள். அழுதவள் திருடியல்லள், தாய். பெயர் கரோலின் நார்ட்டன். ஆண்டு 1836.

நாடகப் புகழ் பெற்ற ஷெரிடனின் பேத்தி அவர், எழுதிப் பொருளீட்டியவர். 1827-இல் ஜார்ஜ் நார்ட்டனை மணந்தார். மூன்று ஆண்மக்களைப் பெற்றார். கணவனோ கைநீட்டும் இயல்பினன். பூசல் முற்றியதும் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பினான். பின்னர், பிரதமர் மெல்போர்னோடு மனைவியைத் தொடர்புபடுத்தி வழக்காடினான். ஜூரிகள் இருக்கையைவிட்டு எழாமலே அவ்வழக்கைத் தள்ளினர். மானம் மீண்டது, மக்கள் மீளவில்லை!

ஏன் மீளவில்லை? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளை தந்தைக்கே உரியது. பால்குடி மறவாத எட்டுமாதக் குழந்தையைத் தந்தை பறித்துச் சென்ற 1804-ஆம் ஆண்டு வழக்கிலும் நீதிமன்றம் அவன் பக்கமே நின்றது. நார்ட்டன் தன் மக்களை ஸ்காத்லாந்தில் வாழ்ந்த உடன்பிறந்தாளிடம் விட்டான். தாய் எப்போது காணலாம், காணலாமா என்பதெல்லாம் அவன் விருப்பம்!

அம்மையார் அழுது ஓயவில்லை, எழுதுகோலை எடுத்தார். தாயையும் சேயையும் பிரிக்கும் சட்டத்தைக் கண்டித்துத் துண்டு நூல்கள் எழுதினார். தால்ஃபோர்டு என்ற உறுப்பினர் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். பிள்ளைகளைக் காண வழியிருந்தால் மனைவியர் எளிதில் பிரிந்துவிடுவர் என்று வாதிட்டனர் எதிர்ப்பாளர். அப்படியானால் பிள்ளை யார்? மனைவியை அடக்க வைத்த பிணைப்பொருளா? 1838-இல் பிரபுக்கள் சபை மசோதாவை வீழ்த்தியது. 1839-இல் அது சட்டமாயிற்று.

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கவும், மூத்த பிள்ளையைக் காணவும் தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்றது சட்டம். ஆனால், கற்பு தவறியவள் என்று தீர்ப்புப் பெற்றவளுக்கு அவ்வுரிமை இல்லை. தந்தையின் ஒழுக்கத்தை அளக்க அளவுகோல் ஏதுமில்லை!

இன்னொரு கொடுமையும் உண்டு. அச்சட்டம் ஸ்காத்லாந்தில் செல்லாது. சட்டம் பிறக்கப் போராடியவருக்கே அது பயன்படவில்லை. 1842-இல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். தாய் விரைந்து வந்தார். அதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அதன் பிறகே மற்ற இருவரும் தாயோடு தங்கக் கணவன் இசைந்தான். கதவைத் திறக்க ஒரு சிறுவனின் சாவு தேவைப்பட்டது!

பிள்ளையின் நலமே முதன்மை என்று இங்கிலாந்துச் சட்டம் எழுதியது 1925-இல். இடையே 86 ஆண்டுகள். நம் நாட்டிலும் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம் தந்தையை முன்னும் தாயைப் பின்னும் நிறுத்தியது. தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பேற்காதபோது தாயே இயற்கைப் பாதுகாவலர் ஆகலாம் என்று உச்சநீதிமன்றம் விளக்கியது 1999-இல்தான்.

பள்ளிப் பதிவேட்டில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றோர் இடம் உண்டு. அங்கே பாட்டி பெயரையோ மாமன் பெயரையோ எழுதும்போது என் பேனா சற்றே தயங்கும். வளர்ப்பவர் அன்புடையவராகவே இருக்கலாம். அவர் இடும் சோற்றுக்கு நன்றி சொல்வோம். பெற்றவரால் பிள்ளைக்குத் தீங்கு நேருமெனில், காணும் இடத்தையும் நேரத்தையும் நீதிமன்றம் வகுக்கட்டும். ஆனால், பெரியவர்களின் பகைக்காகக் கதவடைப்பதை ஏற்கலாமா? பெற்றவரைக் காண்பது வளர்ப்பவர் இடும் பிச்சையன்று, பிள்ளையின் உரிமை. மாடிக்கும் வாயிலுக்கும் இடையே உள்ள படிகள், அந்தப் பிள்ளை இறங்கி வருவதற்காகவே கட்டப்பட்டவை!