சைலன்சர் பூச்சின் கதை

மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் சென்னையில் தொகுக்கத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் பொதுச்சந்தை வகைகளில் சைலன்சருக்குப் பொலிவூட்டியது, நிக்கல் படிவின்மேல் மெல்லியதாக ஏற்றப்படும் குரோம் முலாமாகும். எஞ்சினை ஒட்டிய குழாய் வளைவில் வெப்பம் மிகுந்தபோது, முலாமின் மேலுள்ள ஆக்சைடு படலம் தடித்து, முதலில் வைக்கோல் மஞ்சளாகவும் பின்னர் நீலமாகவும் நிறம் மாறியது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் வெள்ளறடை போன்ற கேரள–தமிழ்நாடு எல்லையூர்களில், முலாமின் நுண்விரிசல் வழியே இறங்கும் ஈரம் உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதால், அங்கே பளபளப்பைவிட நீடித்த உழைப்பே பூச்சைத் தேர்வதற்கான அளவுகோலாக அமைய வேண்டும். சாதாரண எனாமல் பெயின்ட் குழாயின் வெப்பத்தில் கருகி உரியும். பின்னாளில் பரவிய, சிலிக்கோன் பிசினில் அலுமினியத் துகள் கலந்த பூச்சோ ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கவல்லது, ஆயினும் துருவை முற்றிலும் சுரண்டிய பரப்பில் பூசி, படிப்படியாகச் சூடேற்றி இறுகச் செய்தால் மட்டுமே அது நிலைத்து நிற்கும்.