அலாவுத்தீனுக்கு முகம் தந்தோர்

சித்திரத்தில் இருக்கும்வரை ஒரு கதைமாந்தரின் ஊரையும் குலத்தையும் எவரும் வினவுவதில்லை. உயிருள்ள மனிதர் ஒருவர் அந்த வேடத்தை ஏற்கும் நாளில்தான், “இவர் யார்? எந்த நாட்டார்? இவருக்கு இந்தப் பெயர் பொருந்துமா?” என்னும் வினாக்கள் எழுகின்றன. ஜப்பானியர் மசமுனே ஷிரோ 1989-ஆம் ஆண்டு படக்கதையாக எழுதத் தொடங்கி, மமோரு ஓஷி 1995-இல் ‘அனிமே’ எனப்படும் சித்திரத் திரைப்படமாக ஆக்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’ என்னும் கதையை, 2017-இல் ஹாலிவுட்டார் நடிகர்களைக் கொண்டு எடுத்தனர். மொத்தோகோ குசனாகி என்னும் ஜப்பானியப் பெயர் கொண்ட தலைவியின் வேடம், ஸ்கார்லெட் ஜோஹான்சன் என்னும் வெள்ளை அமெரிக்க நடிகைக்குத் தரப்பட்டது. அதனை அமெரிக்கா வாழ் ஆசியர் பலர் கண்டித்தனர். சித்திரப்படத்தை இயக்கிய ஓஷியோ அத்தேர்வில் தவறில்லை என்றார். பெயர் எங்களுடையது, முகம் உங்களுடையதா என்பதே அன்றைய வழக்கு.

இவ்வழக்கு ஜப்பானியர்க்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் பெயர் தாங்கி உலகெங்கும் திரிகின்ற அலாவுத்தீனுக்கும் அலிபாபாவுக்கும் இதே வழக்கு முந்நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. பிரெஞ்சுக் கொடியின் கீழ் நெடுங்காலம் இருந்த புதுச்சேரியின் முதலியார்பேட்டையில் இருந்து எழுதும் நமக்கு, இவ்வரலாற்றில் தனியொரு பற்றும் உண்டு. இக்கதைகள் முதன்முதல் நூலேறியது பிரெஞ்சு மொழியிலேயே ஆகும்.

மூலம் எது?

‘ஆயிரத்தோர் இரவுகள்’ என்னும் தொகுப்பு மிகப் பழையது. ஹிஜ்ரி 266 (கி.பி. 879) என்னும் ஆண்டு குறிக்கப்பெற்ற தாள் ஒன்றில் அதன் சிறு பகுதி இருப்பதை நபியா அபட் அம்மையார் 1949-இல் வெளியிட்டார். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த நூற்பட்டியலாசிரியர் இப்னு நதீம், தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில், ‘ஹஸார் அஃப்ஸான்’ என்னும் பாரசீகக் கதைநூலே இதன் முன்னோடி என்கிறார். கூடவே, அந்நூல் சுவையற்றது என்றும் தம் கருத்தைச் சொல்லி விடுகிறார். அரபு அறிஞர் இதனை உயர்ந்த இலக்கியமாகக் கொண்டாடியதில்லை. நம் மதரஸாப் பாடங்களிலும் இதற்கு இடமில்லை. கடைத்தெருவிலும் காப்பிக் கடையிலும் கதைசொல்லிகளின் நாவில் வளர்ந்தது இது. அரபியில் இது முதலில் அச்சேறியதும் அரபு நாட்டில் அன்று. நம் நாட்டுக் கல்கத்தாவில், 1814-ஆம் ஆண்டிலும் 1818-ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாக வெளிவந்தது. எகிப்தின் புகழ்பெற்ற பூலாக் பதிப்பு 1835-இல் வந்தது.

இனி, வாசகர் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று. அந்தப் பூலாக் பதிப்பில் அலாவுத்தீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை!

அவர்கள் எங்கிருந்து வந்தனர்? பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான், சிரியாவிலிருந்து தமக்குக் கிடைத்த கையெழுத்துப்படியை மொழிபெயர்த்து 1704 முதல் வெளியிடலானார். பிரான்சுவா மர்த்தேன் ஆளுநராக இருந்து புதுச்சேரியை நகராகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கலானின் கையில் இருந்த படியில் 282 இரவுகளே இருந்தன. நூலோ விற்றுத் தீர்ந்தது. வாசகர் மேலும் கேட்டனர். கைவசம் கதை இல்லை. அந்நிலையில், 1709-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பால் லூக்கா என்னும் பயணியின் இல்லத்தில் ஓர் இளைஞரை அவர் சந்தித்தார். அலெப்போ நகரைச் சேர்ந்த அவ்விளைஞர் ஹன்னா தியாப், மாரோனியக் கிறித்தவர். அவ்வாண்டு மே மாதம் அலாவுத்தீன் கதையையும் அலிபாபா கதையையும் அவர் வாய்மொழியாகச் சொன்னதைக் கலான் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். ஆனால் 1712-இல் அலாவுத்தீன் கதையும் 1717-இல் அலிபாபா கதையும் நூலாக வெளிவந்தபோது, சொன்னவர் பெயர் அவற்றில் இடம்பெறவில்லை.

பிற்காலத்தில் அலாவுத்தீன் கதையின் ‘அரபு மூலம்’ என்று சில கையெழுத்துப்படிகள் தலைகாட்டின. அவை கலானின் பிரெஞ்சிலிருந்து அரபுக்குத் திருப்பி எழுதப்பட்டவையே என்பதை முஹ்சின் மஹ்தி என்னும் ஈராக்கிய அறிஞர் ஆராய்ந்து நிறுவினார். ஹன்னா தியாப் முதுமையில் அரபியில் எழுதிய தன்வரலாறு வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. அது அவருடையது என்பது 1993-இல்தான் கண்டறியப்பட்டது. தம்மிடம் அடிக்கடி வந்த முதியவர் ஒருவருக்கு நூலை நிறைவு செய்யச் சில இரவுகள் குறைந்தன என்றும், தாம் அறிந்த கதைகளைச் சொல்லி உதவினோம் என்றும் அதில் அவர் எளிமையாகக் குறிக்கிறார். உலகறிந்த இரு கதைகளை ஈந்தவருக்கு உரிய பெயர் கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

கலான் எழுதிய கதையில் அலாவுத்தீன் அரபியனும் அல்லன். சீன நாட்டு நகரொன்றில் வாழ்ந்த முஸ்தபா என்னும் தையற்காரரின் மகன் அவன். மந்திரவாதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன். இளவரசியின் பெயர் பத்ருல் புதூர். ‘முழுநிலவுகளுள் முழுநிலவு’ என்பது பொருள். ‘அலாவுத்தீன்’ என்றால் மார்க்கத்தின் மேன்மை. ஆக, சீனத்தில் நிகழ்ந்ததாக, சிரியக் கிறித்தவர் சொல்ல, பிரெஞ்சுக்காரர் எழுதிய முஸ்லிம் பெயரினன் கதை இது. இதற்கு ‘உரிய முகம்’ எது என்று எவரால் சொல்ல முடியும்?

தமிழ்த் திரையில்

தமிழ்த் திரை இந்த வினாவுக்குத் தயங்கி நிற்கவில்லை. 1941-இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபா ஆனார். 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வண்ணத்தில் எடுத்தார். முழுநீள வண்ணப்படமாகத் தமிழில் வந்தவற்றுள் அதுவே முதலாவது. அலிபாபாவாக எம்.ஜி.ஆர், மார்ஜியானாவாக பானுமதி, கள்வர் தலைவனாக பி.எஸ். வீரப்பா. அடுத்த ஆண்டே நாகேசுவர ராவும் அஞ்சலிதேவியும் நடித்த அலாவுத்தீன் படம் வந்தது. 1979-இல் ஐ.வி. சசியின் இயக்கத்தில் கமலஹாசன் அலாவுத்தீனாகவும், ரஜினிகாந்த் கமருத்தீனாகவும் தோன்றினர்.

இப்படங்களில் பிழை இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். உடுத்திய உடை பக்தாதினதும் அன்று. கைலியும் தொப்பியுமாய் நம் தெருவில் நடமாடும் தமிழ் முஸ்லிமினதும் அன்று. மொழியில் நேர்ந்த மாற்றம் அதனினும் நுட்பமானது. அரபியில் ‘ஜின்’ என்பது நெருப்பினின்று படைக்கப்பட்டதாகத் திருக்குர்ஆன் கூறும் படைப்பினம். அதில் நல்லோரும் உண்டு, தீயோரும் உண்டு. நபி சுலைமான் (அலை) அவர்களுக்குப் பணிசெய்தோரும் அவ்வினத்தாரே. தமிழில் அது ‘பூதம்’ ஆயிற்று. அலிபாபாவின் குகை ‘சிம்சிம்’ என்னும் சொல்லுக்குத் திறக்கும். சிம்சிம் என்பது நாம் நாளும் அறிந்த எள்! இந்திக்காரர் அதனைச் ‘சிம்சிம்’ என்றே வைத்துக்கொண்டனர். நமக்கோ ஆங்கிலத்தின் ‘செசமே’ வழியாக வந்து ‘சீசே’ ஆகி நின்றது. அச்சொல்லைக் கூவி விளையாடிய தலைமுறைகளில், குகையைத் திறந்தது ஓர் எள் என அறிந்தோர் எத்தனை பேர்?

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. அப்படத்தில் அலிபாபாவும் முஸ்லிம் பெயரினன். கள்வர் தலைவனும் முஸ்லிம் பெயரினன். நல்லவனும் தமிழே பேசினான். தீயவனும் அதே தமிழைத்தான் பேசினான். தீமை அவரவர் செயலில் இருந்ததே ஒழியப் பிறப்பில் இல்லை. தன் அறிவால் கள்வரை வென்று வீட்டைக் காத்த பெண்ணுக்கு மார்ஜியானா என்று பெயர். பவளத்தைக் குறிக்கும் ‘மர்ஜான்’ என்னும் அச்சொல் தமிழகமெங்கும் அன்போடு ஒலித்தது. பின்னாளில் தமிழ்த் திரையில் முஸ்லிம் பெயர்கள் எத்தகைய பாத்திரங்களுக்குச் சூட்டப்பட்டன என்பதை அறிந்த வாசகருக்கு, இதன் அருமை விளங்கும்.

அக்ரபா என்னும் நகர்

1992-இல் டிஸ்னி நிறுவனத்தார் அலாவுத்தீனைச் சித்திரப்படமாக்கினர். கதைக்களம் முதலில் பக்தாதாக இருந்தது. 1991 வளைகுடாப் போரை அடுத்து அது ‘அக்ரபா’ என்னும் கற்பனை நகராயிற்று. பத்ருல் புதூர் ‘ஜாஸ்மின்’ ஆனாள். கதைத்தலைவனும் தலைவியும் அமெரிக்க இளைஞரைப் போன்றே பேசினர். காவலரும் கடைக்காரரும் மட்டும் அயல்நாட்டார் தொனியில் பேசினர். தொடக்கப் பாடலோ, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என்னும் பொருள்படத் தொடங்கியது. அமெரிக்காவில் வாழும் அரபியரின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தபின், 1993-இல் வெளிவந்த வீடியோ நாடாவில் அவ்வடி மாற்றப்பட்டது. காட்டுமிராண்டித்தனத்தைக் குறித்த சொல் மட்டும் நீங்கவில்லை. அதுவும் நீங்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் பாடும் பாட்டுக்கு இத்துணை வழக்கா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்று, “அக்ரபாவின்மீது குண்டு வீசலாமா?” என்று வாக்காளரைக் கேட்டது. குடியரசுக் கட்சி வாக்காளருள் 30 விழுக்காட்டினரும், ஜனநாயகக் கட்சியாருள் 19 விழுக்காட்டினரும் ‘வீசலாம்’ என்றனர். இல்லாத நகர் அது! பெயரின் ஓசை ஒன்றே போதுமானதாயிற்று. கதையில் தரும் முகம் கதையோடு நிற்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2019-இல் அச்சித்திரப்படத்தை மனிதரைக் கொண்டு மீண்டும் எடுத்தபோது, நிறுவனத்தார் எச்சரிக்கையோடு இருந்தனர். மாதக்கணக்கில் தேடி, கெய்ரோவில் பிறந்து கனடாவில் வளர்ந்த மீனா மசூத் என்னும் இளைஞரை அலாவுத்தீனாக்கினர். துனீசிய வழியினர் ஒருவரும் ஈரானியர் ஒருவரும் முக்கிய வேடங்களை ஏற்றனர். ஜாஸ்மினாக வந்த நவோமி ஸ்காட்டின் தாயார் உகாண்டாவில் பிறந்த குஜராத்தி வழியினர். அரபுப் பெண்ணுக்கு இந்திய வழியினரா என்று அப்போதும் சிலர் குறைபட்டனர். சீனத்து இளவரசிக்கு எவர் பொருத்தம் என்று எவரும் கேட்கவில்லை! படப்பிடிப்பில் சிலருக்குத் தோலைக் கருமையாக்கும் ஒப்பனை செய்யப்பட்டது என்பதும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஒன்று நம் கருத்தைக் கவர்ந்தது: மசூத் எகிப்தின் கோப்துக் கிறித்தவக் குடும்பத்தவர். இக்கதையை முதலில் சொன்னவரும் கீழைக் கிறித்தவரே. அரபு மொழியும் அதன் கதைகளும் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை, மேலைநாட்டாரோடு நாமும் சேர்ந்து மறந்து விடுகிறோம்.

உமறுப் புலவர் கற்பிப்பது

அவ்வாறாயின் பிறர் கதையை எடுத்து நம் உடை உடுத்துவது குற்றமா? குற்றமென்றால் முதற்குற்றவாளிகள் நாமே ஆவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அரபு நாடு தமிழ் நாடாகவே காட்சி தருகிறது. பாலை நிலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அதனைக் கண்டு எந்த ஆலிமும் சினந்து எழவில்லை. ஏன்?

புலவரின் வரலாறாக வழங்கும் செய்தி விடை தருகிறது. காப்பியத்துக்கான அரபுச் செய்திகளைப் பெற, அவர் கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார், முதலில் மறுக்கப்பட்டார், காத்திருந்தார், பின்னர் அப்பா அவர்களின் ஏற்பாட்டால் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் உரை பெற்றார் என்பது மரபு. நிலத்தை மாற்றினார், நிகழ்ச்சியை மாற்றவில்லை. காண்டங்களுக்கு விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று அரபுப் பெயர்களையே இட்டார். தாம் எவரைப் பாடுகிறாரோ அவரை அறிந்து, அன்பு கொண்டு பாடினார். இன்று ஒரு நிறுவனம் கதையின் உரிமையை விலைக்கு வாங்குகிறது. உமறு அதனை ஆசிரியரிடம் காத்திருந்து பெற்றார். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நடிப்பவர் எந்த இனத்தார் என்பது இரண்டாவது கேள்வி. எவருடைய பெயரை எடுத்துக்கொண்டோமோ அவரை அறிய முயன்றோமா என்பதே முதற்கேள்வி. முதற்கேள்விக்கு விடையில்லாதபோதுதான் இரண்டாவது கேள்வி இத்துணைக் கசப்போடு எழுகிறது.

கதையோ இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. 2009-இல் ஷினோபு ஓஹ்தகா என்னும் ஜப்பானியப் பெண்மணி ‘மாகி’ என்னும் படக்கதையைத் தொடங்கினார். 2012-இல் அது அனிமே ஆயிற்று. அதில் அலாவுத்தீன் நீலக் கூந்தல் கொண்ட சிறுவன். அலிபாபா பொன்முடி இளைஞன். மோர்ஜியானா அடிமை விலங்கினின்று விடுபட்ட வீரப்பெண். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அலாவுத்தீன் என்றால் இனி அந்த நீலமுடிச் சிறுவன் நினைவுக்கு வரலாம். அதனையும் ஒருநாள் ஹாலிவுட்டார் மனிதரைக் கொண்டு எடுக்க முன்வருவார்களாயின், ஜப்பானியர் “எங்கள் கதை” என்பர். அரபியர் “எங்கள் பெயர்” என்பர். பிரெஞ்சுக்காரர் “எங்கள் நூல்” என்பர். அலெப்போ இளைஞரை அப்போதும் எவரேனும் நினைப்பார்களா?

நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிறர் தந்த முகத்தைக் கண்டு வருந்துவதோடு நின்றுவிடாமல், கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் படைப்போரும் பாடிய நம் முன்னோரின் வழியில், நம் தெருவின் கதையை நாமே சொல்ல அவர்களைப் பழக்க வேண்டும். சொல்லும்போது, கதையை யாரிடம் கேட்டோமோ அவர் பெயரையும் மறவாமல் சொல்லப் பழக்க வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையைப் போற்றிக் காத்த சமுதாயத்துக்கு இது புதிய பாடமன்று.